விண்வெளியில் ஒரு சிற்றில்

பிள்ளைத்தமிழ் நூல்களைக் கற்றோர் சிற்றிற் பருவத்தை மறந்திரார். சிறுமியர் தெருவிலே மணலைக் கூட்டி வீடு கட்டுவர், அடுப்பு வைப்பர், மணலையே அரிசியாகக் கொண்டு சோறும் சமைப்பர். அவ்வழியே பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் வருவான். அவன் கால் பட்டால் வீடு போயிற்று. ஆகவே, தம் வீட்டை அழிக்க வேண்டாமென்று அவனை அவர்கள் இரந்து நிற்பர். இப்பருவத்தின் சுவை எதிலே தங்கியிருக்கிறது? மணல் வீட்டின் அழகிலா? அன்று. அவன் அழிக்கவும் கூடும், அழியாது விடவும் கூடும் என்ற நிலையிலேயே தங்கியிருக்கிறது. கல்லினாற் கட்டிய வீடாயின் அங்கே இரத்தலும் இல்லை, அருளலும் இல்லை, பாட்டும் இல்லை.

கணினி விளையாட்டைப் பற்றி எழுத வந்தவன் பிள்ளைத்தமிழை ஏன் இழுக்கிறான் என்று வாசகர் முகஞ்சுளிக்கலாம். காரணம் உண்டு. பல்லாயிரம் பேர் இணையத்தின் வழியாக ஒரே உலகிற் புகுந்து, தத்தமக்கென ஒரு வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுகள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஒரு வகைக்கு 'மணற்பெட்டி' என்று பெயர். மேனாட்டுப் பிள்ளைகள் முற்றத்திலே மணல் நிரப்பிய பெட்டிக்குள் இருந்து விளையாடுவதனால் வந்த பெயர் அது. நம் மொழியில் இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. சிற்றில் என்ற சொல் சங்ககாலந் தொட்டே நம்மிடம் இருக்கிறது. அத்தகைய சிற்றில் ஒன்றிலே கடந்த மூன்று மாதங்களாக நானும் மணல் அளைந்து வருகிறேன். என் மனத்திற் பட்டவற்றை, அவற்றின் புதுமை மாறுவதற்கு முன்னரே எழுதிவிட எண்ணுகிறேன். இலக்கியம் பேசும் பக்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. உண்டென்றே இப்போது கருதுகிறேன்.

பலர் கூடி ஆடும் இவ்விளையாட்டுகளை இரு பெரும் பிரிவாகப் பகுக்கலாம். ஒன்று கேளிக்கைப் பூங்காவைப் போன்றது. 2004 இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். அங்கே கதை முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மை அழைத்து, காட்டிலுள்ள கொடிய விலங்குகளிற் பத்தைக் கொன்று வருக என்பார். கொன்று வந்தாற் பரிசு தருவார். நமக்கு முன் வந்த இலட்சக்கணக்கானோர்க்கும் அவர் அதையே சொன்னார், அதையே தந்தார். நாம் கொன்ற விலங்கு சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்து, நமக்குப் பின் வருபவனுக்காகக் காத்திருக்கும். மற்றொன்று சிற்றில். அங்கே பெரியவரும் இல்லை, பணியும் இல்லை. இடமும், கருவியும், வேறு மனிதரும் மாத்திரமே உள்ளனர். எஞ்சியதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

நான் புகுந்த சிற்றிலின் பெயர் 'ஈவ் ஒன்லைன்' என்பது. ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில் 1997 இல் தொடங்கப்பெற்ற சி.சி.பி. என்னும் கொம்பனி இதனை ஆக்கியது. அக்கொம்பனியார் முதலிற் பலகை விளையாட்டொன்றை வெளியிட்டு அதன் மூலம் முதல் திரட்டினர். 2003 மே 6 ஆம் நாள் இவ்விளையாட்டு வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் விண்கப்பல் ஒன்றின் மாலுமி. நியூ ஈடன் எனப்படும் அவ்வுலகில் 7,000 க்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. சீனாவுக்கெனத் தனியாக அமைந்த ஒன்றை நீக்கினால், எந்த நாட்டினராயினும் யாவரும் ஒரே உலகிலேயே உலவுகின்றனர். நாள்தோறும் சிறிது நேரம் பராமரிப்புக்காக நிறுத்தப்படுவதன்றி, அவ்வுலகம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடக்கத்திற்குத் திரும்பியதே இல்லை. அங்கே நேற்று நடந்தது நடந்ததுதான்.

இவ்விளையாட்டை எனக்கு அறிமுகஞ் செய்தவன் என் தமக்கையின் மகன். முதல் நாளிரவு என்னுடைய சிறு கப்பலைக் கருமையின் நடுவே நிறுத்திவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பாடங்கள் சில முடிந்தபின் அவ்வுலகம் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் தொலைபேசியில் அவனிடம் முறையிட்டேன்.

"மாமா, அங்கை கதை ஒண்டும் இல்லை. நீங்கள் ஏதும் செய்தால்தான் கதை" என்றான் அவன்.

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இது சிறிது அவமானமாகவே இருந்தது. கதை எங்கிருந்து வருகிறதென்று மருமகனிடம் கேட்டறிய வேண்டியதாயிற்றே!

ஆகவே, செய்யத் தொடங்கினேன். விண்கற்களிலிருந்து கனிமம் அகழ்வது அங்கே எளிய தொழில். வெல்ட்ஸ்பார் என்ற மலிவான கல்லை அகழ்ந்து, உருக்கி, திரித்தானியம் என்ற உலோகம் எடுத்தேன். அவ்வுலகிலே கப்பல் எதனைக் கட்டுவதாயினும் அவ்வுலோகம் வேண்டும். கப்பல்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஆடுவோரே கட்டுகின்றனர்; ஆடுவோரே விற்கின்றனர்; ஆடுவோரே அழிக்கின்றனர். நான் அகழ்ந்த உலோகம் எவனோ ஒருவனது போர்க்கப்பலாகி, எங்கோ ஒரு மூலையில் வெடித்துச் சிதறியிருக்கும். அழிவு இருப்பதனாலேயே என் உலோகத்துக்கு விலை இருந்தது. இதனை உணர்ந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின.

சந்தையின் கதையும் இத்தகையதே. ஜீற்றா என்ற மண்டலத்திலுள்ள ஒரு நிலையம் அவ்வுலகின் பெருஞ்சந்தை. விளையாட்டை ஆக்கியோர் அதனைச் சந்தையென்று நியமிக்கவில்லை. நாற்சந்தியிலே ஒருவர் கடை விரிக்க, அவரைக் கண்டு மற்றொருவர் விரிக்க, ஊர்ச் சந்தை கூடுவது போல அதுவும் கூடிற்று. வாங்குவோர் செல்லுமிடத்திற்கு விற்போர் செல்கின்றனர். விற்போர் இருக்குமிடத்திற்கு வாங்குவோர் வருகின்றனர். அங்கே வழங்கும் நாணயத்தின் குறியீடு 'ஐ.எஸ்.கே.' என்பது, ஐஸ்லாந்தின் உண்மை நாணயத்துக்கும் அதுவே குறியீடு. இந்தச் சந்தையின் போக்கை ஆராய்வதற்கென்று 2007 இல் அக்கொம்பனி எய்யோல்பூர் குவுத்முண்ட்சன் என்ற பொருளியல் அறிஞரைப் பணிக்கமர்த்திற்று. அவர் பணவீக்கம், விலைச் சுட்டெண் முதலியன பற்றி அறிக்கைகள் வெளியிட்டார். பின்னர் 2014 இல் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பொம்மைக் கடை என்று நாம் நகைக்கும் ஒன்றிலே பொருளியல் அறிஞர் கற்பதற்கு ஏதோ இருந்தது என்பதற்கு இது சான்று.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவ்வுலகின் மண்டலங்கள் பாதுகாப்பு அளவினால் வகுக்கப்பட்டுள்ளன. 1.0 இலிருந்து 0.5 வரையுள்ளவை காவல் மிக்கவை, 0.4 இலிருந்து 0.1 வரையுள்ளவை காவல் குறைந்தவை. அதற்குக் கீழே காவலே இல்லை. காவல் மிக்க மண்டலத்தில் ஒருவன் மற்றொருவனைத் தாக்கினால், கொன்கோர்ட் என்ற காவற்படை சில விநாடிகளுள் வந்து தாக்கியவனது கப்பலைத் தவறாமல் அழித்துவிடும். இதனை அறிந்த நான், காவல் மிக்க இடத்தில் எனக்குத் தீங்கில்லை என்று நம்பியிருந்தேன்.

ஐந்து கிழமை உழைத்துச் சேர்த்த யாவற்றையும் புதிதாக வாங்கிய சரக்குக் கப்பலொன்றில் ஏற்றி, ஜீற்றாவை நோக்கிப் புறப்பட்டேன். கப்பலைத் தானாகச் செலுத்தும் கருவியை முடுக்கிவிட்டுத் தேநீர் வைக்கச் சென்றேன். திரும்பி வந்தபோது கப்பல் இல்லை. மலிவான சிறு போர்க்கப்பல்கள் நான்கு ஒருங்கே வந்து என் கப்பலைச் சுட்டிருந்தன. காவற்படை வந்தது உண்மை. அந்நான்கையும் அழித்ததும் உண்மை. ஆயினும் அவர்கள் இழந்தது சில காசு. என் சரக்கில் அழியாது எஞ்சியதை அவர்களது ஐந்தாவது தோழன் அள்ளிச் சென்றுவிட்டான். கப்பலுக்குக் காப்புறுதி செய்ய வழியிருந்தது, நான் செய்திருக்கவில்லை. செய்திருப்பினும் சரக்குக்கு அது ஈடாகாது. அங்குள்ள சட்டம் தண்டிக்கும், தடுக்காது. இவ்வேறுபாட்டைப் பல நூல்களிற் படித்திருந்தும், அன்றுதான் அதனை அறிந்தேன்.

மருமகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இழக்க ஏலாததை ஏத்திக்கொண்டு பறக்கப்படாது மாமா. எல்லாரும் முதலிலை படிக்கிற பாடம் அதுதான்" என்றான்.

வெறும் விளையாட்டு என்று என்னை நானே தேற்ற முயன்றேன், இயலவில்லை. கணினி விளையாட்டில் நான் முன்னர் அறிந்த தோல்விக்கு மாற்று உண்டு. அழிந்ததை மீண்டும் முதலிலிருந்து ஆடலாம். இங்கே ஐந்து கிழமை உழைப்பு மீளாது. மாலுமிக்கு மறுபிறவி உண்டு; புதிய உடலில் அவன் கண்விழிப்பான். அவனுடைய பொருளுக்கு மறுபிறவி இல்லை.

அவ்விடத்திலேயே மற்றொன்றும் நடந்தது. மண்டலத்தில் இருப்போர் யாவரும் எழுதக்கூடிய பொதுவான திரை ஒன்றுண்டு. அதிலே என் அங்கலாய்ப்பைக் கொட்டியிருந்தேன். முன்பின் அறியாத ஒருவர் தனியே அழைத்தார். நான் புதியவனா என்று கேட்டார். ஆமென்றேன். நான் இழந்தது போன்ற சரக்குக் கப்பலொன்றையும் 2 கோடி நாணயத்தையும் என் பெயருக்கு மாற்றினார். பின்னர் ஒரு மணி நேரம் உடனிருந்து, பாதுகாப்பாகச் செல்லும் வழிகளைக் கற்பித்தார். தானியங்கிக் கருவி கப்பலை வாயிலுக்குச் சில கிலோமீற்றர் முன்னரே இறக்கிவிடும். அங்கிருந்து கப்பல் ஊர்ந்துதான் செல்லும். கொள்ளையர்க்கு அந்த இடைவெளியே போதும். ஆகவே, கையினாற் செலுத்திச் சென்று வாயிலண்டையிலேயே இறங்க வேண்டும் என்றார். எதற்காக இவ்வளவும் செய்கிறீர் என்று கேட்டேன். "முன்பு நானும் அந்தத் தொழிலே செய்தவன். அது எனக்குச் சலித்துவிட்டது" என்றார். அவ்வளவே. அவர் எந்த நாட்டினர் என்பதையும் அறியேன்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து இங்கேதான் பிறக்கிறது. அம்மனிதர் எனக்குச் செய்த உதவிக்கு அவ்வுலகம் அவருக்கு ஒன்றும் தரவில்லை. வேறு பல விளையாட்டுகளில் அறஞ் செய்தாற் புள்ளி கூடும். பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்தாற் புகழ் ஏறும். எது நல்வழி, எது தீவழி என்று நிறம் தீட்டியும் காட்டியிருப்பர். அங்கே நாம் செய்வது அறமன்று. வரவு செலவுக் கணக்கு. இங்கே கொள்ளையும் கொடையும் ஒரே விதியின் கீழ் நிற்கின்றன. இரண்டில் எதையும் அவ்வுலகம் தடுக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. ஆதலினாற்றான் அந்தக் கொடை கொடையாக எனக்குப் பட்டது. சிதைக்கக்கூடியவன் சிதையாது விட்டதே சிற்றிலின் சிறப்பு.

அம்மனிதரை விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2004 முதல் 'ஈவ் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் ஆடுவோரே நடத்தும் பள்ளியொன்று அங்கே இருக்கிறது. புதியவர்க்கு இலவசமாகக் கற்பிக்கிறது. 2009 இல் அவ்வுலகில் ஏறத்தாழ 2,500 மறை மண்டலங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குள் செல்லும் வழிகள் நிலையானவை அல்ல, தோன்றி மறைபவை. வழிதேடும் கருவியை அங்கே இழந்தவன் வெளியேற மாட்டாமற் சிறைப்பட்டுவிடுவான். 'சிக்னல் கார்ட்டெல்' என்ற கூட்டத்தார் அத்தகையோர்க்காக அம்மண்டலங்களிலே மறைபெட்டிகளை வைத்து, அவற்றுள் வழிதேடும் கருவிகளை இட்டுக் காத்து வருகின்றனர். எவரையும் தாமாகத் தாக்குவதில்லை என்பதும் அவர்களது கொள்கை. வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைப்பது போன்ற செயல் இது. இதனைச் செய்யுமாறு அவர்களுக்கு எவரும் பணித்ததில்லை.

இதனை மறுப்போர் உளர். அவர்களது மறுப்பில் நியாயமும் உண்டு.

முதலாவது மறுப்பு, இது வஞ்சகத்தைப் பயிற்றும் பள்ளி என்பது. 2005 இல் நடந்த நிகழ்ச்சியொன்றை அவர்கள் சுட்டுவர். கூலிக்குக் கொலை செய்யும் கூட்டமொன்று, மற்றொரு கூட்டத்துள் பல மாதங்களாக நண்பர் போல நுழைந்து, நம்பிக்கைக்குரிய பதவிகளைப் பெற்று, குறித்த நாளில் அதன் தலைவியைத் தாக்கிக் கப்பலை அழித்துப் பண்டசாலைகளையும் கொள்ளையிட்டது. விளையாட்டின் விதிகளுக்கு அமைய இது குற்றமன்று. அந்நிகழ்ச்சியைப் பலர் வியந்து போற்றினர். நான் வியக்கவில்லை. நம்பியவரை ஏமாற்றுவது விளையாட்டிலும் ஏமாற்றுதான். அங்கே வருந்துவது பொம்மையன்று, மனிதர். ஆயினும் நம்பிக்கைத் துரோகம் இயலாத உலகிலே நம்பிக்கைக்கும் பொருளில்லை என்பதை மறுக்க முடியாது. இருபது ஆண்டு ஒன்றாக நின்ற கூட்டங்கள் அங்கே உள்ளன. எவரும் எவரையும் எந்நாளும் காட்டிக்கொடுக்கக் கூடிய இடத்தில் அவர்கள் அவ்வாறு நின்றார்கள் என்பதிலேதான் அவர்களது பெருமை இருக்கிறது.

எனினும், சிற்றிலுக்கும் வேலி வேண்டும். 2008 முதல் ஆடுவோர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்து ரெய்க்யவிக்குக்கு அனுப்பி வருகின்றனர். 2012 இல் அங்கு நடந்த ஆண்டு விழாவில், அச்சபையின் தலைவராயிருந்த ஒருவரே மேடையில் நின்று, மனமுடைந்திருந்த ஆட்டக்காரர் ஒருவரை மேலும் துன்புறுத்துமாறு கூட்டத்தாரைத் தூண்டினார். அவர் பின்னர் மன்னிப்புக் கோரித் தலைமையிலிருந்து விலகினார். 30 நாள் ஆட்டத்திலிருந்தும் விலக்கப்பட்டார். கப்பலை அழிப்பது வேறு; கப்பலுக்குப் பின்னாலிருக்கும் உயிரை நோகடிப்பது வேறு. மணல் வீட்டைச் சிதைக்க வந்தவன் அதனைக் கட்டிய சிறுமியின் கையை மிதிக்கலாகாது. இந்த எல்லையைக் காப்பதில் ஆக்கியோர் சற்றும் தளரலாகாது என்பது என் கருத்து.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. இத்தகைய சுதந்திரத்தை மனிதர் உண்மையில் விரும்புவதில்லை என்பது அது. 1997 இல் வெளிவந்த 'அல்டிமா ஒன்லைன்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதன் காடுகளிலே புல்லும் முயலும் ஓநாயும் ஒன்றையொன்று சார்ந்து வாழுமாறு அமைக்க முயன்றனர். ஆடவந்தோர் கண்டதையெல்லாம் கொன்று தீர்த்தமையால் அந்த அமைப்பு நிலைக்கவில்லை. மனிதரை மனிதர் கொல்வதும் அங்கே பெருகிற்று. ஈற்றில் 2000 இல் அவ்வுலகை இரண்டாக்கினர். ஒரு நிலத்திற் கொலை தொடர்ந்து இயன்றது. மற்றதில் ஒருவர் இசைவின்றி அவரைத் தாக்க இயலாது. ஆடுவோரிற் பெரும்பாலோர் பாதுகாப்பான நிலத்துக்கே குடிபெயர்ந்தனர். அவர்களை நான் குறை கூறேன். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரவில் ஒரு மணி நேரம் அமைதியை நாடுவது இயல்பே. சிற்றில் யாவர்க்கும் உரியதன்று. இலக்கியத்திலும் துன்பியல் யாவர்க்கும் உவப்பதில்லை; அதனால் துன்பியல் வேண்டாமென்று எவரும் சொல்வதில்லை.

மூன்றாவது மறுப்பை எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டது. இவ்விளையாட்டில் ஒருவனது திறன்கள் உண்மைக் காலத்தோடு வளர்வன. ஒரு திறனைக் கற்க முப்பது நாள் ஆகுமெனில், முப்பது நாள் காத்திருந்தே ஆகவேண்டும். செல்வனும் வறியவனும் ஒரே காலத்தைச் செலவிட்டனர். ஆயின் 2008 இல், உண்மைப் பணங் கொடுத்து வாங்கி அவ்வுலகச் சந்தையில் விற்கக்கூடிய சீட்டு ஒன்றை ஆக்கியோர் அறிமுகஞ் செய்தனர். 2016 தொடக்கத்தில், கற்ற திறனையே பிழிந்தெடுத்து மற்றொருவனுக்கு விற்கவும் வழி செய்தனர். அன்றிலிருந்து காலமும் அங்கே கடைச்சரக்காயிற்று. அதே ஆண்டு நவம்பரிற் கட்டணமின்றி ஆடவும் இடந் தந்தார்கள். நான் புகுந்தது அவ்வழியேதான். அதற்கு நன்றியுடையேன். ஆனால், என்னிடமிருந்து ஐந்து கிழமை உழைப்பைப் பறித்த கொள்ளையைவிட, ஐந்தாண்டு உழைப்பைப் பணத்தால் வாங்கலாம் என்ற வசதியே அவ்வுலகின் உயிருக்கு ஊறு என்று அஞ்சுகிறேன். இழப்பு யாவர்க்கும் ஒரே அளவில் நோகும்போதே ஈகையும் துணிவும் ஒரே தராசில் நிற்கும். பணமுள்ளவனுக்கு நோகாத இழப்பு, இழப்பே அன்று.

இழப்பின் பெருமையையும் பேதைமையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2014 ஜனவரி 27 ஆம் நாள், நிலமுரிமைக் கட்டணம் ஒன்று உரிய வேளையிற் செலுத்தப்படாமையால் ஒரு மண்டலத்தின் உரிமை நழுவிற்று. அதனைப் பற்ற இரு பெருங் கூட்டணிகள் மோதின. போர் 21 மணி நேரம் நீடித்தது. 7,500 க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். அத்தனை பேரையும் கணினிகள் தாங்கும்பொருட்டு அம்மண்டலத்திற் காலமே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கப்பட்டது. கட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய 'ரைற்றன்' என்னும் மாபெருங் கப்பல்களில் 75 அழிந்தன. அழிந்தவற்றை உண்மைப் பணத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் அமெரிக்க டொலர் என மதித்தனர். அந்தச் சிதைவுகள் இன்றும் நினைவுச்சின்னமாக அங்கே மிதக்கின்றன. ஒரு கட்டணம் தவறியதனால் ஒரு போர்! வரலாற்று நூல்களிலே நாம் படிக்கும் போர்களின் காரணங்களும் இதனினும் பெரியனவா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2012 செப்டெம்பர் 11 ஆம் நாள் லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரகப் பணியகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்தோருள் ஷோன் ஸ்மித் என்ற உத்தியோகத்தரும் ஒருவர். ஈவ் உலகில் அவர் ஒரு பெருங் கூட்டணியின் தூதுவராக விளங்கியவர். எதிரிகளோடு பேசிப் பிணக்குத் தீர்ப்பதே அங்கும் அவருடைய பணி. அவர் மறைந்த செய்தி பரவியதும், விண்வெளியெங்கும் இருந்த நிலையங்களுக்கு ஆடுவோர் அவருடைய பெயரைச் சூட்டினர். எந்த ஆசிரியனும் எழுதி வைக்காத இரங்கற்பா அது.

இங்கேதான் இலக்கியக்காரருக்கு ஒரு வினா எழுகிறது. இக்கதைகளுக்கு ஆசிரியர் யார்? ரெய்க்யவிக்கில் இருந்தோர் விதியைச் சமைத்தனர், கதையைச் சமைக்கவில்லை. ஆடியோர் கதையைச் சமைத்தனர். தாம் கதை சமைக்கிறோம் என்று அவர்கள் கருதவில்லை. 2012 இல் நியூயோர்க்கிலுள்ள நவீன கலைக் காட்சிச்சாலை தன் சேகரத்திற் சேர்த்த 14 கணினி விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. 2014 இல் ரெய்க்யவிக் துறைமுகத்தருகே நிறுவப்பட்ட நினைவுச் சின்னத்திலே ஆடுவோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆசிரியர் பெயருக்குரிய இடத்தில் அவர்களது பெயர்கள் நிற்பதே முறையென்று எனக்கும் தோன்றுகிறது. இதனை இலக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். இலக்கியம் தெரிந்தெடுக்கும், சுருக்கும், சொல்லாற் செதுக்கும். இவ்வுலகம் அவற்றிலொன்றையும் செய்வதில்லை. அங்கே கழியும் பெரும்பொழுது வெறும் சலிப்பு; கல்லைப் பார்த்துக்கொண்டு இருத்தல். ஆயினும் இலக்கியம் எதனைக் கற்பனையிலே நிறுத்தி ஆராய்கிறதோ, அந்த மனித மனம் அங்கே கட்டளையின்றி நடமாடுகிறது.

நம் பிள்ளைகள் இத்தகைய உலகங்களில் உலவுகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று கேட்பது நல்லதே. உறக்கமும் படிப்பும் கெடும் அளவுக்கு எதுவும் ஆகாது. அதனோடு, அங்கே நீ யாருக்கு என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். கேளிக்கைப் பூங்காவிலிருந்து வரும் பிள்ளைக்கு அக்கேள்வி விளங்காது. சிற்றிலிலிருந்து வரும் பிள்ளை சற்று யோசித்தே விடை சொல்லும்.

அக்கேள்வியை அண்மையில் நானே எனக்குக் கேட்க நேர்ந்தது. சென்ற கிழமை ஒரு வாயிலின் அருகே சிறு கப்பலொன்றில் நின்றுகொண்டிருந்தேன். சில கிலோமீற்றர் தொலைவிலே ஒரு சரக்குக் கப்பல் வந்து இறங்கி, ஊரத் தொடங்கிற்று. அதன் மாலுமி திரையின் முன் இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. என் கப்பலிற் புதிதாகப் பொருத்தியிருந்த கருவியால் அதன் சரக்கைத் துருவிப் பார்த்தேன். நான் இழந்ததைவிடப் பல மடங்கு இருந்தது. அவ்வழியில் வேட்டையாடும் கூட்டத்தாருக்குத் தகவல் தருவோர்க்குப் பங்கு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களுள் ஒருவன் அப்போது அதே மண்டலத்தில் இருந்தான். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி.

அவ்வரியை நான் எழுதவில்லை. ஆனால், எழுதாதிருக்க எனக்குச் சில விநாடிகள் ஆயின. அறுபது ஆண்டு வாழ்க்கையில் என்னை நல்லவன் என்றே எண்ணி வந்தவன் நான். ஊராரும் சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவ்வாறு எண்ணுவது எளிது. அந்தச் சில விநாடிகளை எனக்குக் காட்டியமைக்காகவே இவ்விளையாட்டுக்கு நான் கடப்பாடுடையேன். ஊர்ந்த கப்பலின் மாலுமிக்கு, தானியங்கியை நம்ப வேண்டாமென்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. கப்பல் மெல்ல மெல்ல ஊர்ந்து வாயிலை அடைந்து மறைந்தது.